கோட்டைக்கு முதுகு காட்டி நின்றால்

அயர்லாந்தின் டிப்பரரி கவுன்டியில், நீனா என்ற சந்தை ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர்போலப் போனால் சாலை நேராக ஏரியில் போய் முடிகிறது. முடியும் இடத்தின் பெயர் டிராமினீர். ஏரியின் பெயர் லாக் டெர்க். வடக்கே டோனிகாலில் இதே பெயரில் ஒரு யாத்திரைத் தலம் உண்டு. அது வேறு, சின்ன ஏரி. இது ஷானன் ஆறு கடலை நோக்கிப் போகும் வழியில் கடைசியாக விரிந்து கிடக்கும் பெருநீர். வடக்கே போர்ட்டும்னாவிலிருந்து தெற்கே கில்லலோ வரை கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் நீளம். கிழக்குக் கரை டிப்பரரிக்கு, மேற்குக் கரை கிளேருக்கும் கால்வேக்கும். ஊர் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: கொஞ்சம் வீடுகள், சிதைந்துபோன ஒரு பழைய தேவாலயம், ஒரு படகுத்துறை, அதன் ஓரத்தில் கூரையில்லாத ஒரு கோட்டை. சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல், அதன்மேல் அப்பிக்கிடக்கும் ஐவிக்கொடி, பின்னால் மழைமேகம். அந்த ஊரை நினைத்தால் எனக்கும் முதலில் எழுவது இந்தப் படம்தான். ஆனால் முதலில் எழும் படத்தையே ஊரின் சாரம் என்று கொள்வது பிழை என்பதை எனக்குக் காட்டியதும் அதே ஊர்தான். டிராமினீரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கோட்டைக்கு முதுகு காட்டி நின்று துறையையும் நீரையும் பார்க்க வேண்டும். அந்த ஊரின் கதையில் கோட்டை ஓர் அத்தியாயம். கதையைத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை நடத்திவந்தது துறை.

இதற்கு முதல் சாட்சி ஊரின் பெயர். ஐரிஷ் மொழியில் அது 'ட்ரிம் இன்வர்'. ஆற்றுமுகத்தின் மேட்டுநிலம் என்று பொருள். நீனா ஆறு ஏரியில் கலக்கும் இடத்துக்கு அருகே எழுந்த மேட்டில் மனிதர் தங்கியிருக்கிறார்கள், பெயரும் அதிலிருந்தே வந்திருக்கிறது. சற்றுத் தெற்கே இருக்கும் காரிகென்னடி என்ற ஊருக்கும் துறையும் இடிந்த கோட்டையும் உண்டு. அந்தப் பெயர் 'ஓ கென்னடியின் தோட்டம்' என்று ஒரு குலத்தைச் சொல்கிறது. டிராமினீரின் பெயரில் ஆளும் இல்லை, கோட்டையும் இல்லை. நிலமும் நீரும் சந்திக்கும் வாகு மட்டுமே இருக்கிறது. கோட்டை அந்த வாகைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தது. ஆர்மண்ட் பகுதியை ஆண்ட பட்லர் குடும்பத்துக்குக் கீழே கான்ட்வெல் என்ற நார்மன் வழிவந்த குடும்பம் அதை வைத்திருந்தது. கீழ்ப்பகுதி தடித்த சுவர்கள் கொண்ட ஒரு பழைய கூடம். அதன்மேல் பிற்காலத்தில் மாடிகளை ஏற்றி, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்து முழுக்க எழும்பிய கோபுரவீடுகளின் பாணிக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டடத்தை ஏன் ஏரியின் விளிம்பில் வைத்தார்கள் என்று கேட்டால், காடும் சதுப்பும் மண்டிய அன்றைய நாட்டில் பாரம் ஏற்றிப் போகத் தகுந்த நல்ல சாலை நீர்தான் என்பதே விடை. அதில் யார் போகிறார், யார் வருகிறார், எதை ஏற்றி வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க ஒரு காவற்கண் வேண்டியிருந்தது. துறையில்லாத கரையில் அந்தக் கோட்டைக்கு வேலையே இருந்திருக்காது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இடிந்த கோட்டை கட்டடக்கலைக் காட்சி மட்டுமல்ல, அது பறிகொடுத்ததன் அடையாளம் என்பார்கள். 1650களில் இங்கிலாந்திலிருந்து வந்த கிராம்வெல்லின் படை வென்ற பிறகு கத்தோலிக்க நிலவுடைமையாளர்களின் நிலம் பறிக்கப்பட்டு, படைவீரர்களுக்கும் போருக்குப் பணம் போட்டவர்களுக்கும் பங்கு பிரிக்கப்பட்டது. டிப்பரரி அந்தப் பங்கீட்டின் நடுவில் இருந்த கவுன்டி. கோட்டையின் வெறிச்சோடிய ஜன்னலைப் பார்க்கும் ஐரிஷ்காரருக்கு அது நினைவுக்கு வருவது இயல்பு, வரவும் வேண்டும். ஆனால் கல்லைப் பார்த்து மட்டும் அந்தக் கதையைப் படித்தால் பாதி தவறிவிடும். கோட்டையைக் கட்டியவர்களே சில நூற்றாண்டுகளுக்கு முன் படையெடுத்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். ஓ கென்னடிகளைப் போன்ற கேலிக் குலங்களோடு நார்மன் வழிக் கத்தோலிக்கக் குடும்பங்களும் ஒரே சட்டத்தில் நிலம் இழந்தன. யார் அந்நியர், யார் மண்ணின் மக்கள் என்ற கணக்கைச் சுவர் சொல்லாது. எதிர்க்கரை சொல்லும். நிலம் இழந்தவர்கள் 1654 மே மாதத்துக்குள் ஷானனைக் கடந்து மேற்கு மாகாணமான கனாட்டுக்கும் கிளேருக்கும் போய்விட வேண்டும் என்பது உத்தரவு. கடந்து போனவர்களுக்கு ஆற்றங்கரையைக்கூட விடவில்லை. மேற்குக் கரையோரம் ஒரு பட்டை நிலத்தைப் படைவீரர்களுக்கென்று ஒதுக்கினார்கள். முதலில் நான்கு மைல், பிறகு ஒரு மைல். வெளியேற்றப்பட்டவர்கள் படகோ உதவியோ பெறாதபடி அவர்களை நீரிலிருந்து பிரித்துவைக்கும் ஏற்பாடு அது. டிராமினீர் துறையில் நின்றால் அந்தப் பட்டை கண்ணுக்கு நேரே பச்சைக் கோடாகத் தெரிகிறது. பறிகொடுத்ததன் அளவை அறிய விரும்புகிறவரும் கோட்டைக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

கோட்டையில் வாழ்க்கை ஓய்ந்த பிறகு துறையின் நீண்ட காலம் தொடங்குகிறது. டப்ளினிலிருந்து மேற்கே வெட்டிய கிராண்ட் கால்வாய் 1804இல் ஷானனைத் தொட்டது. அதன் பின் தலைநகரின் சரக்கு ஆற்றில் இறங்கி, பானகர், மீலிக், போர்ட்டும்னா வழியாக ஏரியைக் கடந்து, கில்லலோவைத் தாண்டி லிமெரிக் வரை போக வழி பிறந்தது. 1820களில் நீராவிப் படகு வந்தது. சார்லஸ் வை வில்லியம்ஸ் என்ற தொழிலதிபர் ஏரியில் பெரிய அளவில் நீராவிப் போக்குவரத்து நடத்தினார். அவருடைய 'லேடி லேன்ஸ்டவுன்' என்ற இரும்புக் கப்பலை பர்க்கன்ஹெட்டில் லெயர்டு தளத்தில் துண்டுகளாகச் செய்து, 1830களின் தொடக்கத்தில் கில்லலோவில் கொண்டுவந்து பொருத்தினார்கள். ஆற்றின் நீர்ப்பூட்டுகளில் நுழைய முடியாத அளவு பெரியது. ஆகவே ஆயுள் முழுக்க இந்த ஏரியிலேயே ஓடியது. அரசும் சும்மா இருக்கவில்லை. 1835லும் 1839லும் சட்டங்கள் இயற்றி, ஷானன் ஆணையர்களை நியமித்து, ஐந்து லட்சம் பவுண்டுக்கும் மேல் செலவழித்து ஆற்றை ஆழப்படுத்தினார்கள். அணைகளும் நீர்ப்பூட்டுகளும் பாலங்களும் துறைகளும் கட்டினார்கள். வேலை முடிவதற்குள் பஞ்சம் வந்து நாட்டைத் தின்றது. 1848இல் டப்ளினுக்கும் லிமெரிக்குக்கும் ரயில் இணைப்பு வந்துவிட்டது. நீர்வழியில் பயணிகள் கூட்டம் குறைந்தது. சரக்கு மட்டும் நிற்கவில்லை. சதுப்பில் வெட்டிக் காயவைத்த டர்ஃப் எரிகட்டி, காரிகென்னடிக்குப் பின்னால் மலையில் உடைத்த ஸ்லேட் ஓடு, தானியம், மால்ட், திரும்பி வரும்போது கின்னஸ் பீப்பாய்கள் என்று இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் துறைகள் வேலை செய்தன.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கோட்டைக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை. 1911ஐ ஒட்டிக் கால்வாய்க் கம்பெனி தன் சரக்குப் படகுகளில் ஸ்வீடனில் செய்த போலிண்டர் எஞ்சினைப் பொருத்தத் தொடங்கியது. ஒற்றை சிலிண்டர், சுமார் 15 குதிரைத்திறன். அதற்குத் தீப்பொறி கிடையாது. சிலிண்டரின் தலையில் இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். காலையில் ஊதுவிளக்கை அதன்மேல் பிடித்துச் செந்தணலாகும்வரை காய்ச்ச வேண்டும். பிறகு கனமான சக்கரத்தைக் கையாலோ காலாலோ உந்தி உதைத்துக் கிளப்ப வேண்டும். கிளம்பிவிட்டால் குமிழின் சூடே எண்ணெயைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும். படகில் நான்கு பேர்: படகுத்தலைவர், எஞ்சின்காரர், தளத்தில் வேலை செய்பவர், எடுபிடிக்கு ஒரு பையன். ஏறக்குறைய ஐம்பது டன் சரக்கோடு, குறுகலான கால்வாய்க்கென்று செய்த தட்டை அடிப்படகு அது. அதைத்தான் அலையடிக்கும் ஏரியில் ஓட்டினார்கள். 1946 டிசம்பரில் புயலில் சிக்கி '45எம்' என்ற படகு லாக் டெர்க்கில் மூழ்கியது. அதில் இருந்தவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். படகை 1975இல்தான் மேலே எடுத்தார்கள். கோட்டைகளின் முற்றுகைக் கதைகளை நாம் விரும்பிக் கேட்கிறோம். பீப்பாய் ஏற்றிப் போன கூலிக்காரர்களின் மரணமும் இந்த ஏரியின் வரலாறுதான். என் கணக்கில் அது முற்றுகைக்குக் குறைந்ததல்ல. கடைசி கின்னஸ் சரக்கு 1960 மே மாதம் '51எம்' படகில் டப்ளினிலிருந்து கிளம்பி லிமெரிக்குக்குப் போனது. அதோடு அந்தத் தொழில் முடிந்தது.

நீரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. பயணிகள் எழுதும் குறிப்புகளில் 'காலம் தொடாத ஏரி' என்று அடிக்கடி வருகிறது. தொட்டிருக்கிறது. 1925க்கும் 1929க்கும் நடுவே, சுதந்திரம் பெற்று மூன்றாண்டுகூட நிரம்பாத ஒரு சின்ன நாடு, தாமஸ் மெக்லாக்லின் என்ற இளம் பொறியாளரின் திட்டத்தை நம்பி, ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தைக் கொண்டு லிமெரிக்குக்கு வடக்கே ஆர்ட்னக்ரஷாவில் நீர்மின் நிலையம் கட்டியது. ஏறக்குறைய முப்பது மீட்டர் வீழ்ச்சியை ஒரே இடத்தில் திரட்டுவதற்காகப் பார்ட்டீனில் அணை வைத்து ஆற்றைத் திருப்பினார்கள். அதன் பின்னால் நீர் ஏறி, கில்லலோவில் இருந்த பழைய நீர்ப்பூட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. லாக் டெர்க் முழுவதும் அந்த மின் நிலையத்துக்கான நீர்த்தேக்கமாயிற்று. அன்றிலிருந்து ஏரியின் மட்டத்தை ஒரு குறுகிய எல்லைக்குள் பிடித்துவைத்திருக்கிறார்கள். கோட்டையின் காலடியில் அத்தனை சாந்தமாகக் கிடக்கும் நீர், மதகுக் கணக்கின்படி நிற்கும் நீர். இதைச் சொல்வதால் காட்சியின் அழகு குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாடு தன் வீடுகளில் விளக்கேற்றிய கதை அந்த மட்டத்தில் இருக்கிறது. சால்மன் மீன்கள் மேலேறும் வழியை அந்த அணை கெடுத்த கதையும் அதில் சேர்த்தி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இடம் தருவது துறைதான். கோட்டைச் சுவர் 1929ஐப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இன்றைய துறையைப் பார்க்கிறவர்கள் இன்னோர் ஆட்சேபம் எழுப்புவார்கள். அங்கே இப்போது டர்ஃப் படகும் இல்லை, பீப்பாயும் இல்லை. வெள்ளை ஃபைபர் படகுகளும் விடுமுறைக்காரர்களும்தான். வசதி உள்ளவர்களின் விளையாட்டுத் தளத்தை உழைப்பின் சின்னம் என்று எப்படிச் சொல்வது? வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது காலவரிசையைக் கலைத்துவிடுகிறது. விளையாட்டு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதல்ல. டிராமினீரில் இருக்கும் லாக் டெர்க் பாய்ப்படகுச் சங்கம் 1835இல் தொடங்கியது; நீராவிப் படகுகள் ஓடிய அதே காலம். நிலப்பிரபுக்களின் பாய்ப்படகும் டர்ஃப்காரரின் படகும் ஒரே நீரில் நகர்ந்தன. 1922இல் மார்கன் ஜைல்ஸ் வரைந்துதந்த பதினெட்டடி மரப்படகு, 'ஷானன் ஒன் டிசைன்', இன்றும் இந்த ஏரியில் பந்தயம் ஓடுகிறது. மரப்பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு ஏற்றிச் சேர்க்கும் பழைய தச்சுவேலை அந்தப் பந்தயத்தால்தான் கைவிட்டுப் போகாமல் இருக்கிறது. அதைவிட முக்கியமானது 1950களில் நடந்தது. சரக்குப் போக்குவரத்து சாகக் கிடந்தது. திறந்து மூடும் பாலங்களை எடுத்துவிட்டுத் தாழ்வான நிலைப்பாலங்களைப் போட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. போட்டிருந்தால் ஆற்றில் உயரமான படகு எதுவும் போக முடியாது. அதைத் தடுக்க 1954இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. அதை எழுப்பியவர்களில் பலர் பொழுதுபோக்குக்குப் படகு ஓட்டியவர்கள். எல்.டி.சி. ரோல்ட் என்ற ஆங்கில எழுத்தாளர் 1946இல் ஐரிஷ் நீர்வழிகளில் பயணம் செய்து எழுதிய நூலும் பலர் கண்ணைத் திறந்தது. பிழைப்புக்காக ஓட்டியவர்கள் விட்டுப் போன வழியை விருப்பத்துக்காக ஓட்டியவர்கள் காப்பாற்றினார்கள். அவர்கள் இல்லையென்றால் டிராமினீர் துறையும் கோட்டையைப் போலவே ஐவிக்கொடிக்குள் போயிருக்கும்.

துறைமேல் இவ்வளவு அக்கறை எதற்கு, அது தானாகவே பிழைத்துக்கொள்கிறதே என்று கேட்கலாம். பிழைத்துக்கொள்வதே அதற்கு ஆபத்து. பயன்படாத கட்டடத்தை யாரும் மாற்றுவதில்லை. பயன்படும் துறையை ஒவ்வொரு தலைமுறையும் வெட்டும், நீட்டும், கான்கிரீட் போடும். அயர்லாந்தின் தொல்பொருள் கணக்கெடுப்பு வெகுகாலம் 1700ஐ ஒரு எல்லைக்கோடாக வைத்துக்கொண்டது. அதற்கு முந்திய கோட்டை இயல்பாகவே உள்ளே வந்துவிடும், பிந்திய துறை தன் மதிப்பை வாதாடித்தான் நிலைநாட்ட வேண்டும். நீருக்கடியில் கிடப்பதற்கு நிலைமை நல்லது. 1987இல் வந்த சட்டத்திருத்தம், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட எந்த மூழ்கிய கலத்துக்கும் தானாகவே பாதுகாப்புக் கொடுத்தது. ஆகவே கில்லலோவில் நீரடியில் கிடக்கும் லேடி லேன்ஸ்டவுனைத் தொட அனுமதி வேண்டும். அந்தக் கப்பலில் ஏறியிறங்கியவர்கள் மிதித்த துறைக்கற்களுக்கு அப்படித் தானாக வரும் காவல் இல்லை. துறையை அருங்காட்சியகமாக்கி உறையவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது துறையைக் கொல்வதாகும். பழுது பார்க்கும்போது பழைய கல்லைப் பழைய கல்லென்று தெரிந்து பார்க்கட்டும் என்கிறேன்.

தெரிந்து பார்ப்பது கடினமும் இல்லை. ஏரியோரத்துப் பழைய துறைச்சுவர் ஒன்றின் அருகே குனிந்தால் மூன்று பட்டைகள் தெரியும். மேல்வரிசைக் கற்களில் வெளிறிய மஞ்சளும் சாம்பலுமாகக் கற்பாசி படர்ந்திருக்கும். விளிம்புக் கல்லின் முனை சில இடங்களில் கூர் போய் வழுவழுவென்று உருண்டிருக்கும். படகுக் கயிறு ஆண்டுக்கணக்கில் உரசிய இடம் அது, விரலை வைத்தால் பள்ளம் பிடிபடும். நீர்மட்டத்துக்குக் கீழே கருப்பும் வெளுப்புமாய் வரிபோட்ட, விரல்நகம் அளவே ஆன சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று அப்பியிருக்கும். வரிக்குதிரைச் சிப்பி என்று பெயர். 1990களில் வெளிநாட்டுப் படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டு ஷானனுக்குள் வந்து ஏரியெங்கும் பரவியது. நீரைச் சலித்துத் தெளியவைத்ததும், அந்தத் தெளிவால் ஏரியின் உயிர்ச்சங்கிலியையே மாற்றியதும் அதுதான். அதன் ஓடு கையைக் கீறும். 19ஆம் நூற்றாண்டுக் கொத்தனார், 20ஆம் நூற்றாண்டுப் படகுக்காரர், நம் காலத்துச் சிப்பி, மூவரும் ஒரு முழம் உயரத்துக்குள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்தச் சுவரைப் படிக்கச் சொல்லித்தரக் கூடியவர்கள் சிலர் இன்னும் இருக்கலாம். 1960இல் பதினாறு வயதில் கடைசிப் படகுகளில் எடுபிடியாக ஏறிய பையன் இன்று எண்பதைத் தாண்டியிருப்பான். மேற்குக் காற்று எழும்பினால் ஏரியின் எந்த வளைவுக்குள் ஒதுங்குவது, குளிர்கால விடியலில் குமிழ் சிவக்க எத்தனை நிமிடம், துறைச்சுவரில் எந்த வளையத்தில் கட்டினால் படகு உரசாமல் நிற்கும் என்பதெல்லாம் கல்லில் இல்லை, அவன் கையில் இருக்கிறது. கோட்டை இன்னும் நூறு வருடம் யாருக்காகவும் காத்து நிற்கும்.